வாடகை எவ்வளவு? வருமானம் எவ்வளவு?

திருவனந்தபுரம் சாலைக் கடைவீதியில் தமிழ்க்காரர்கள் பலர் கடை வைத்திருக்கிறார்கள். பூவும் அங்கே விற்கும். தோவாளையிலிருந்து விடியும் முன்பே பூ மூட்டைகள் வந்து இறங்கும்.

அங்கே பூக்கட்டி விற்கும் ஓர் அக்காவை நினைத்துக் கொள்வோம். அவர் வீடு கரமனையில் இருக்கிறது. சின்ன ஓட்டடுக்கு வீடு அல்ல; தளம் போட்ட வீடு. வீட்டுக்காரர் ஓர் அலுவலகத்தில் காவலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுப் பணமும் சேமிப்பும் சேர்ந்து 6 லட்சம் ரூபாய் கையில் இருக்கிறது. ஒரே மகன். அவன் கல்யாணம் ஆகி நாகர்கோவிலுக்குப் போய்விட்டான். அவன் இருந்த அறை பூட்டிக் கிடக்கிறது.

இருவருக்கும் ஓர் ஆசை. மாடியில் ஒரு வீடு கட்ட வேண்டும். அதை வாடகைக்கு விட வேண்டும். வயதான காலத்தில் மாதாமாதம் பணம் வரும். நல்ல ஆசைதான். ஆனால் இந்த 6 லட்சம்தான் அவர்களுடைய மொத்தப் பணம். போனால் திரும்பி வராது. ஆகவே முதலில் கணக்குப் போட வேண்டும். நாமும் அவர்களோடு உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.

இங்கே வரும் தொகைகள் கணக்கைப் புரிந்து கொள்வதற்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊரில் தொகை மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

பக்கத்து வீட்டுக் கணக்கு

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்:

"மாடி கட்ட 10 லட்சம் ஆகும். மாதம் 7,000 ரூபாய் வாடகை வரும். வருஷத்துக்கு 84,000. நூற்றுக்கு எட்டு ரூபாய்க்கு மேலே! எந்த பாங்கில் இவ்வளவு வட்டி தருகிறான்?"

அண்ணனுக்குச் சந்தோஷம். அக்கா மட்டும் யோசித்தார்.

"ஏங்க, நான் ஒரு நாளைக்கு 2,000 ரூபாய்க்குப் பூ விற்கிறேன். அந்த 2,000-மும் லாபமா? பூ வாங்கின காசு போக வேண்டாமா? நார் வாங்கின காசு, பஸ் காசு, வாடின பூ, எல்லாம் போக மிச்சம்தானே லாபம்? வாடகை மட்டும் எப்படி முழுசும் லாபம் ஆகும்?"

அக்கா கேட்டது சரியான கேள்வி. விற்ற பணம் வேறு, லாபம் வேறு. அதைப் போலவே வாடகை வேறு, வருமானம் வேறு. செலவெல்லாம் போக மிஞ்சுவதை நிகர வருமானம் என்பார்கள்.

முதல் எவ்வளவு?

மாடி கட்டுவதற்கு முன்பு ஒரு பொறியாளரைக் கேட்க வேண்டும். கீழே உள்ள அடித்தளமும் சுவரும் மாடியைத் தாங்குமா? தாங்காது என்றால் அந்த எண்ணத்தை அங்கேயே விட்டுவிட வேண்டும்.

தாங்கும் என்றால், கட்டும் செலவோடு வேறு செலவுகளும் வரும்.

வரைபடம் போட வேண்டும். மாநகராட்சியில் அனுமதி வாங்கக் கட்டணம் உண்டு. வருவாய்த் துறை ஒரே ஒரு முறை வாங்கும் கட்டட வரியும் இருக்கிறது. இது 1975-ஆம் ஆண்டுக் கேரளச் சட்டப்படி வருவது. வீட்டின் பரப்பு கூடினால் இந்த வரி வரலாம். மாடிக்குத் தனி மின்மீட்டர் வைக்க வேண்டும். தண்ணீர்க் குழாய் இழுக்க வேண்டும்.

இவற்றுக்கு 40,000 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். வேலை நடக்கும்போது சிமெண்டு விலை ஏறும். கூலி ஏறும். அதற்கு 60,000 ரூபாய்.

கட்டுமானம்: 10,00,000
அனுமதி, வரி, மின்சாரம், தண்ணீர்: 40,000
விலை ஏற்றம்: 60,000
மொத்த முதல்: 11,00,000

பக்கத்து வீட்டுக்காரர் 10 லட்சம் என்றார். கணக்குப் போட்டால் 11 லட்சம் வருகிறது.

ஆண்டுச் செலவு எவ்வளவு?

இனி ஒவ்வோர் ஆண்டும் வரும் செலவைப் பார்ப்போம்.

ஒன்று, காலியாக இருக்கும் மாதம். ஒருவர் காலி செய்து போவார். அடுத்தவர் வரச் சில வாரங்கள் ஆகும். ஆண்டுக்கு ஒரு மாதம் காலி என்று வைப்பது நல்லது.

இரண்டு, தரகு. ஆள் பிடித்துத் தரும் தரகர் பல இடங்களில் ஒரு மாத வாடகையைக் கேட்பார். முன்பே பேசிக் கொள்ள வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஆள் மாறினால், ஆண்டுக்கு அரை மாத வாடகை தரகுக்குப் போகும்.

மூன்று, பழுது. திருவனந்தபுரத்தில் மழைக்காலம் இரண்டு. ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வரும். தளம் ஒழுகும். சுவரில் பாசி பிடிக்கும். வெள்ளை அடிக்க வேண்டும். குழாயும் மோட்டாரும் கெட்டுப் போகும்.

நான்கு, மாநகராட்சிக்குக் கட்டும் சொத்து வரி. இதை ஆறு மாதத்துக்கு ஒரு முறை கட்ட வேண்டும். மாடி வந்தால் வரி கூடும். நிலத்துக்கு வில்லேஜ் ஆபீசில் ஆண்டுதோறும் கட்டும் கரம் வேறு. அது மாடி இல்லாவிட்டாலும் கட்ட வேண்டியது. அதனால் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஐந்து, சில்லறைச் செலவு. கழிவுத் தொட்டி சுத்தம் செய்வது, தண்ணீர்த் தொட்டி கழுவுவது போன்றவை.

இப்போது நோட்டில் எழுதுவோம்.

ஓர் ஆண்டு வாடகை: 7,000 × 12 = 84,000

கழிக்க வேண்டியவை:
ஒரு மாதம் காலி: 7,000
தரகு: 3,500
பழுது, வெள்ளை அடிப்பு: 10,000
கூடுதல் சொத்து வரி: 1,500
சில்லறைச் செலவு: 2,000
மொத்தம்: 24,000

நிகர வருமானம்: 84,000 − 24,000 = 60,000

நூற்றுக்கு எவ்வளவு?

நிகர வருமானத்தை 100-ஆல் பெருக்குங்கள். வந்த எண்ணைப் போட்ட முதலால் வகுங்கள்.

60,000 × 100 = 60,00,000
60,00,000 ÷ 11,00,000 = 5.45

அதாவது 100 ரூபாய் போட்டால் ஆண்டுக்கு 5 ரூபாய் 45 காசு வருகிறது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டு ரூபாய்க்கு மேல் என்றார். அவர் பொய் சொல்லவில்லை. செலவை மறந்துவிட்டார்.

வங்கியில் நிரந்தர வைப்பு வைத்தால் நூற்றுக்கு 7 ரூபாய் வட்டி என்று வைத்துக் கொள்வோம். 11 லட்சத்துக்கு ஆண்டுக்கு 77,000 ரூபாய் கிடைக்கும். வட்டி கூடும், குறையும். அன்றைய வட்டியை வங்கியில் கேட்டுக் கொள்ளுங்கள். 60 வயது ஆனவர்களுக்குப் பல வங்கிகள் சற்றுக் கூடுதல் வட்டி தருகின்றன.

அப்படியானால் வாடகை வீடு நஷ்டமா? அப்படியும் சொல்லிவிட முடியாது. வாடகை ஆண்டுக்கு ஆண்டு ஏறலாம். வைப்புக் காலம் முடியும் வரை வட்டி ஏறாது. விலைவாசி ஏறும்போது வங்கியில் உள்ள பணத்தின் மதிப்புக் குறையும். நிலத்தின் மதிப்புக் கூடலாம். ஆனால் கட்டடம் பழசாகும். பழசானால் பழுதுச் செலவு கூடும். இன்னொன்றும் உண்டு. உடம்புக்கு முடியாமல் போனால் வங்கிப் பணத்தை உடனே எடுக்கலாம். மாடியை எடுத்து விற்க முடியாது.

இரண்டு பக்கத்தையும் எழுதிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கடன் வாங்கிக் கட்டினால்?

அக்காவிடம் 6 லட்சம்தான் இருக்கிறது. மீதி 5 லட்சத்துக்குக் கடன் வாங்க வேண்டும்.

வங்கியில் ஆண்டுக்கு நூற்றுக்கு 9 ரூபாய் வட்டி, 10 ஆண்டுத் தவணை என்று வைத்துக் கொள்வோம். மாதத் தவணை சுமார் 6,334 ரூபாய் வரும். 10 ஆண்டில் கட்டி முடிக்கும் மொத்தப் பணம் சுமார் 7,60,000 ரூபாய். வாங்கியது 5 லட்சம். வட்டி மட்டும் 2,60,000 ரூபாய்!

செலவு போக மாடி வீட்டில் வருவது மாதம் 5,000 ரூபாய். தவணை 6,334 ரூபாய். மாதம் 1,334 ரூபாயைக் கைக்காசிலிருந்து போட வேண்டும். பத்து ஆண்டு போட வேண்டும். பூ விற்பனை குறைந்த மாதமும் போட வேண்டும்.

தனியாரிடம் வாங்கினால் என்ன ஆகும்? கேரளத்தில் அதிக வட்டிக்காரர்களை 'பிளேடு' என்று சொல்வார்கள். மாதம் நூற்றுக்கு 3 ரூபாய் வட்டி என்றால் சின்னத் தொகையாகத் தெரியும். 5 லட்சத்துக்கு மாதம் 15,000 ரூபாய் வட்டி! வாடகை 7,000-தான். வீடு கட்டியவர் வீட்டையே விற்கும் நிலை வரும்.

கட்டிய வீட்டை வாங்கினால்?

சிலர் வாடகைக்கு விடுவதற்காகவே வீடு வாங்குவார்கள். கழக்கூட்டத்தில் 1990-இல் டெக்னோபார்க் தொடங்கியது. அந்தப் பகுதியில் வேலைக்கு வருபவர்கள் வீடு தேடுவார்கள். மருத்துவக் கல்லூரியும், மண்டலப் புற்றுநோய் மையமும் உள்ள பகுதியில் நோயாளிகளின் குடும்பத்தார் அறை தேடுவார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் பலர் வருகிறார்கள். இப்படிப்பட்ட இடத்தில் வீடு காலியாகக் கிடக்கும் நாள் குறையும். ஆனால் வீட்டின் விலையும் கூடுதலாக இருக்கும்.

விலைக்கு மேல் வேறு செலவும் உண்டு. கேரளத்தில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 8 ரூபாய். பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 2 ரூபாய். 20 லட்சத்துக்கு வீடு வாங்கினால் இதற்கு மட்டும் 2 லட்சம் ஆகும். பத்திரம் எழுதுபவர் கூலியும் தரகும் தனி. ஆகவே போட்ட முதல் 20 லட்சம் அல்ல. 22 லட்சத்துக்கும் மேல். அடுக்குமாடி வீடு என்றால் மாதாமாதம் பராமரிப்புப் பணமும் கட்ட வேண்டும். வீடு காலியாக இருந்தாலும் அதைக் கட்ட வேண்டும்.

வாங்கும் முன்பு வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். வீட்டின் மேல் கடன் இருக்கிறதா என்று அதில் தெரியும். கரம் கட்டிய ரசீதை யார் பெயரில் என்று பாருங்கள். வாங்கிய பிறகு வில்லேஜ் ஆபீசில் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். இதை இங்கே 'போக்குவரவு' என்பார்கள். புதிய அடுக்குமாடி வீடு என்றால், 2016-ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி கேரள ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு ஆகியிருக்கிறதா என்று கேளுங்கள்.

பத்திரம் மலையாளத்தில் இருக்கும். படிக்கத் தெரியாவிட்டால், நம்பிக்கையான ஒருவரை முழுவதும் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். புரிந்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பணயம் என்றால் என்ன?

திருவனந்தபுரத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. அதற்குப் 'பணயம்' என்று பெயர். நாம் ஒத்தி என்று சொல்வதைப் போன்றது. குடியிருக்க வருபவர் மொத்தமாக ஒரு தொகை கொடுப்பார். மாத வாடகை கிடையாது. போகும்போது கொடுத்த தொகையைத் திருப்பி வாங்கிக் கொள்வார்.

3 லட்சம் ரூபாய் பணயம் என்று வைத்துக் கொள்வோம். வீட்டுக்காரர் அதை வங்கியில் போட்டால், நூற்றுக்கு 7 ரூபாய் வட்டியில், ஆண்டுக்கு 21,000 ரூபாய் வரும். மாதத்துக்கு 1,750 ரூபாய். அதே வீடு 5,000 ரூபாய் வாடகைக்குப் போகும் என்றால், வீட்டுக்காரருக்கு வருமானம் குறைவு. பணத்தைச் செலவு செய்துவிட்டால் இன்னும் ஆபத்து. ஒரு நாள் 3 லட்சத்தைத் திருப்பித் தர வேண்டும் அல்லவா?

குடியிருப்பவருக்கும் ஆபத்து உண்டு. அந்த வீடு முன்பே வங்கியில் அடமானத்தில் இருக்கலாம். எழுத்து இல்லாமல் பணம் கொடுத்தால் திரும்ப வாங்குவது கஷ்டம். வாடகை கொடுக்கும் சிரமம் இல்லை என்று நகையை விற்றுப் பணயம் கொடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எழுதி வைத்தால் சண்டை இல்லை

வாடகைக்கு விடும்போது முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுத வேண்டும். பொதுவாக 11 மாதத்துக்கு எழுதுவார்கள். ஏன் 11 மாதம்? ஓர் ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்கிறது. அதனால்தான்.

வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, எந்தத் தேதியில் கொடுக்க வேண்டும், வெள்ளை அடிப்பது யார், காலி செய்ய எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், இவை எல்லாம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். முன்பணம் வருமானம் அல்ல. அது திருப்பித் தர வேண்டிய பணம். அதைத் தனியாக வையுங்கள்.

கரண்டு பில் இங்கே இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும். குடியிருந்தவர் கட்டாமல் போனால் பில் வீட்டுக்காரர் தலையில் விழும். இணைப்பு அவர் பெயரில்தானே இருக்கிறது? ஆகவே முன்பணத்தைத் திருப்பித் தரும் முன்பு மீட்டரைப் பாருங்கள்.

கேரளத்தில் 1965-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் உண்டு. வாடகை வாங்கினால் ரசீது கொடுக்க வேண்டும். வாடகை பாக்கி என்பதற்காகப் பூட்டை உடைத்துச் சாமானை வெளியே போடக் கூடாது. தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தக் கூடாது. நோட்டீசு கொடுத்து நீதிமன்றம் மூலமாகத்தான் காலி செய்ய வைக்க வேண்டும். அதற்குக் காலம் ஆகும். பணமும் ஆகும். ஆள் பார்த்து விடுவது முக்கியம்.

வாடகை வருமானத்துக்கு வருமான வரியும் உண்டு. வருமானம் குறைவாக உள்ளவர்களுக்கு வரி வராது. வரி வரும் அளவுக்கு வருமானம் உள்ளவர்கள், மாநகராட்சிக்குக் கட்டிய வரியைக் கழிக்கலாம். மீதி வாடகையில் நூற்றுக்கு 30 ரூபாயைப் பராமரிப்புக்காகக் கழித்துக் கொள்ளலாம்.

செலவைக் குறைக்க வழி உண்டா?

முதல் குறைந்தால் நூற்றுக்கு வரும் வருமானம் கூடும். இதற்கு ஒரு நல்ல வழியைத் திருவனந்தபுரத்தில் வாழ்ந்த ஒருவர் காட்டினார். அவர் பெயர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் பிறந்த கட்டடக் கலைஞர். 2007-இல் இதே ஊரில் காலமானார். உள்ளூரில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையக் கட்டடங்களை அவர்தான் கட்டினார்.

செங்கல்லைப் படுக்க வைக்காமல், நிமிர்த்தி வைத்துச் சுவர் கட்டும் முறையை அவர் பரப்பினார். சுவரின் நடுவே வெற்றிடம் இருக்கும். செங்கல் சுமார் கால் பங்கு மிச்சம் ஆகும். வீட்டுக்குள் வெப்பமும் குறையும். நல்ல செங்கல் சுவருக்கு மேலே பூச்சு வேண்டாம் என்றும் அவர் சொன்னார். பூசாவிட்டால் ஆண்டுதோறும் வெள்ளை அடிக்கவும் வேண்டாம்.

இப்படிச் சிக்கனமாகக் கட்டி, 11 லட்சத்தை 9 லட்சமாகக் குறைத்தால் என்ன ஆகும்? அதே 60,000 ரூபாய் நிகர வருமானம், நூற்றுக்கு 6 ரூபாய் 67 காசு ஆகிவிடும்.

அக்கா எடுத்த முடிவு

அக்கா தன் குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில் இந்தக் கணக்கைச் சொன்னார். கூட்டத்தில் ஒரு சேச்சி கேட்டார்:

"உங்கள் மகன் இருந்த அறை சும்மாதானே கிடக்கிறது?"

அக்காவுக்கு அப்போதுதான் தோன்றியது. நிலம் இருக்கிறது. சுவர் இருக்கிறது. கூரை இருக்கிறது. பக்கவாட்டில் ஒரு வாசல், ஒரு சின்ன சமையலறை, ஒரு குளியலறை போதும். எல்லாக் கட்டணமும் சேர்த்து 2 லட்சம் ஆகும். ஒற்றை அறைக்கு மாதம் 3,000 வாடகை வரும்.

இருவரும் மீண்டும் நோட்டை எடுத்தார்கள்.

ஓர் ஆண்டு வாடகை: 36,000
ஒரு மாதம் காலி: 3,000
பழுது, வரி, மற்றவை: 8,000
நிகர வருமானம்: 25,000

2 லட்சம் முதலுக்கு 25,000. நூற்றுக்கு 12 ரூபாய் 50 காசு!

மீதி 4 லட்சம் வங்கியில் இருக்கும். அதற்கு நூற்றுக்கு 7 ரூபாய் வட்டி என்றால் 28,000 ரூபாய். இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு 53,000 ரூபாய். கடன் இல்லை. அவசரத்துக்கு 4 லட்சம் கையில் இருக்கிறது.

மாடி கட்டியிருந்தால்? 60,000 வரும். தவணைக்கு 76,000 போகும். ஆண்டுக்கு 16,000 ரூபாய் கைக்காசு போட வேண்டும். அவசரத்துக்கு ஒரு ரூபாய்கூட இருக்காது.

அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"மாடி பார்க்கப் பெரிசாக இருந்திருக்கும். ராத்திரி தூக்கம்தான் வந்திருக்காது."

எல்லோருக்கும் இந்த முடிவு பொருந்தாது. கடன் இல்லாமல் மாடி கட்ட முடிந்தவருக்கு மாடியே நல்லதாக இருக்கலாம். அவரவர் நோட்டில் அவரவர் கணக்கு எழுத வேண்டும். நமக்கு எழுதத் தெரியும். கூட்டவும் கழிக்கவும் தெரியும். பணம் போடும் முன்பு அதைச் செய்வோம்.

நினைவில் வையுங்கள்

1. வாடகை முழுவதும் வருமானம் அல்ல. செலவு போக மிஞ்சுவதுதான் வருமானம்.
2. முதலில் எல்லாக் கட்டணத்தையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.
3. ஆண்டில் ஒரு மாதம் காலி என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்.
4. மாத வட்டியைக் கேட்டால் 12-ஆல் பெருக்கிப் பாருங்கள்.
5. முன்பணமும் பணயமும் திருப்பித் தர வேண்டிய பணம்.
6. படித்துப் புரியாத காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

நீங்களே போட்டுப் பாருங்கள்

மாத வாடகை 4,000 ரூபாய். ஆண்டில் ஒரு மாதம் காலி. மற்றச் செலவு 8,000 ரூபாய். போட்ட முதல் 6,00,000 ரூபாய். நிகர வருமானம் எவ்வளவு? நூற்றுக்கு எவ்வளவு?

(விடை: நிகர வருமானம் 36,000 ரூபாய். நூற்றுக்கு 6 ரூபாய்.)